வீடியோவுக்குள்ள லிங்க் வைக்கிறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாடம் நடத்துறவங்க, டாகுமெண்டரி எடுக்குறவங்க, மியூசியத்துல வேலை பாக்குறவங்கன்னு பல பேர் கேட்ட கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். ஒரே ஒரு உதாரணத்த கடைசி வரைக்கும் வச்சுக்கலாம், இல்லன்னா பேச்சு எல்லாம் அந்தரத்துல நிக்கும். வட தமிழ்நாட்டுல ஒரு தெருக்கூத்து ஜமா (ஆடுற குழு), ராத்திரி ஆட்டத்துக்கு முன்னாடி அரிதாரம் பூசி வேஷம் கட்டுறத 20 நிமிஷ வீடியோவா எடுத்திருக்கோம்னு வச்சுக்கோங்க. கையில பாட்டு ஆடியோ இருக்கு, போட்டோ இருக்கு, வில்லிபாரதச் செய்யுள் இருக்கு, கூத்து வாத்தியாரோட பேட்டி இருக்கு. இத எல்லாம் அந்த வீடியோவோட எப்படி கோக்குறது, அதான் கேள்வி. பாக்குறவங்க நடுவுல தொட்டு வேற விஷயத்துக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்குற வீடியோவத்தான் இன்டராக்டிவ் வீடியோன்னு சொல்றோம்.

டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போட்டா அதுவும் இன்டராக்டிவ் வீடியோ தானே?

இல்லங்க. டிஸ்கிரிப்ஷன்ல இருக்குற லிங்க்குக்கு வீடியோ எங்க ஓடிட்டு இருக்குன்னே தெரியாது. நான் சொல்றது இது: 4 நிமிஷம் 10 செகண்ட்ல ஒருத்தர் புஜக்கீர்த்திய எடுத்து தோள்ல வச்சு கட்டுறாரு, அந்த நேரத்துல மட்டும் ஒரு சின்ன பட்டன் வருது, தொட்டா அது கல்யாண முருங்கை மரத்துல செஞ்சது, அந்த மரம் லேசா இருக்கறதாலதான் விடிய விடிய தோள்ல வச்சுட்டு ஆட முடியுதுன்னு படத்தோட ஒரு பக்கம் தெறக்குது, படிச்சு முடிச்சு மூடினா வீடியோ தொடருது. எதிர்ப்பக்கமும் வேலை செய்யணும், அந்தப் பக்கத்த தனியா படிக்கிறவங்க "புஜக்கீர்த்தி"ங்குற வார்த்தைய தொட்டா வீடியோ நேரா 4:10க்கு போகணும்.

நம்ம ஸ்கூல் புக்குல 2018ல இருந்து கியூஆர் கோடு இருக்கு பாருங்க, அது புக்குல இருந்து வீடியோவுக்கு போற பாதை. நல்ல விஷயம்தான், ஆனா ஒரு வழிப் பாதை. வீடியோவோட இந்த இடம் புக்குல எந்தப் பக்கம்னு வீடியோ திருப்பி சொல்லாது.

இது இப்ப வந்த டெக்னாலஜியா?

50 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1967 மான்ட்ரியல் எக்ஸ்போல செக்கோஸ்லோவாக்கியா அரங்கத்துல ராடூஸ் சின்செரா "கினோஆட்டமாட்"னு ஒண்ண காட்டினாரு, சீட்டுக்கு சீட்டு செவப்பு பட்டன் பச்ச பட்டன், படம் நடுவுல நிக்கும், ஒருத்தர் மேடைக்கு வந்து இப்ப கதாநாயகன் என்ன பண்ணணும்னு கேப்பாரு, கூட்டம் ஓட்டு போடும். அதுல ஒரு தந்திரம் இருக்கு, அத கீழ கிளைக்கதை கேள்வில சொல்றேன்.

எழுபதுகளோட கடைசில அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரங்க கொலராடோல ஆஸ்பென்ங்குற ஊர் முழுக்க, வண்டி மேல கேமரா வச்சு 10 அடிக்கு ஒரு படமா எடுத்து லேசர் டிஸ்க்ல போட்டாங்க. டச் ஸ்கிரீன்ல தொட்டு தெருத்தெருவா ஓட்டிட்டு போலாம், சில கட்டடத்த தொட்டா உள்ள இருக்குற விஷயம் வரும், பருவத்த கூட மாத்திக்கலாம். எண்பதுகளோட கடைசில அதே எம்ஐடில மீடியா லேப்ல, பாஸ்டன் பக்கம் ஓடுற சார்லஸ் ஆத்தைப் பத்தி "எலாஸ்டிக் சார்லஸ்"னு ஒரு வேலை, பட்டனுக்கு பதிலா குட்டியா ஓடுற வீடியோ துண்டையே லிங்க்கா வச்சாங்க. லிங்க்கோட அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அசைவுலயே தெரிஞ்சிடும். இன்னைக்கும் எனக்குப் பிடிச்ச ஐடியா அதான், ஆனா யாரும் அதிகமா பண்றதில்ல.

அப்புறம் 1996ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல "ஹைப்பர்கஃபே". ஒரு காபி கடை, மேசைக்கு மேசை பேச்சு ஓடிட்டு இருக்கும், நீங்க ஒரு மேசையில இருந்து இன்னொண்ணுக்கு தாவலாம், ஆனா தாவுற வாய்ப்பு கொஞ்ச நேரம்தான் திரையில நிக்கும், விட்டா போச்சு. லிங்க்குக்கு ஆயுசு உண்டுங்குறத அவங்க அளவுக்கு தெளிவா அதுக்கு முன்னாடி யாரும் காட்டினதா எனக்குத் தோணல. புக்குல இருக்குற லிங்க் நீங்க வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கும், வீடியோல இருக்குறது காத்துட்டு இருக்காது.

எந்த மாதிரி வீடியோவுக்கு இது சரிப்படும்?

செய்முறை, பேட்டி, ஆவணம், பாடம். பாக்குறவங்களுக்கு "இது என்ன?"ன்னு நடுவுல கேக்கத் தோணுற எல்லாத்துக்கும். சரிப்படாதது, உணர்ச்சில இழுத்துட்டுப் போற வீடியோ. ஒரு பெரியவர் செத்துப்போன தன் குருவைப் பத்தி குரல் உடைஞ்சு பேசிட்டு இருக்கும்போது அவர் மூஞ்சி பக்கத்துல "மேலும் அறிய"ன்னு பட்டன் மினுக்குனா அது அசிங்கம், அவ்ளோதான். அந்த லிங்க்க அடுத்த ஷாட்டுக்கு தள்ளுங்க.

எடிட் முடிஞ்ச வீடியோ இருக்கு, மேல லிங்க் மட்டும் ஒட்டிக்கலாமா?

ஒட்டலாம், ஒட்டினது தெரியும். ஷூட்டிங்லயே யோசிச்சா நல்லா வரும். லிங்க் வரப்போற ஷாட்ட வழக்கத்தவிட அஞ்சாறு செகண்ட் கூடுதலா பிடிங்க, கேமரா ஸ்டாண்ட்ல இருக்கட்டும், ஃபிரேம்ல ஒரு பக்கம் கொஞ்சம் காலியா விடுங்க. பேட்டி எடுக்கும்போது கேள்வியையும் சேத்து பதில் சொல்லச் சொல்லுங்க. "அது எங்கப்பா காலத்துலயே இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சா, லிங்க் புடிச்சு நேரா அந்த இடத்துக்கு வந்தவனுக்கு "அது" எதுன்னு தெரியாது. "கட்டியக்காரன் வேஷம் எங்கப்பா காலத்துலயே..."ன்னு (கட்டியக்காரன்னா கூத்துல கதைய நடத்துற கோமாளி) ஆரம்பிச்சா தனியாவும் நிக்கும், தொடர்ச்சியாவும் நிக்கும்.

எழுதும்போது ஸ்கிரிப்ட்ல அட்டவணை மாதிரி மூணு நெடுக்குக் கட்டம் போடுவேன். நேரம், திரையில என்ன, லிங்க் எங்க போகுது. நாலாவதா ஒண்ணும் உண்டு, லிங்க் முடிஞ்சா எங்க திரும்புது. இந்த நாலாவது கட்டத்த காலியா விட்டு வர்ற ஸ்கிரிப்ட்தான் அதிகம், அதப் பத்திதான் கீழ நெறைய எழுதியிருக்கேன்.

லிங்க்க தொட்டா வீடியோ நிக்கணுமா, ஓடிட்டே இருக்கணுமா?

என்ன தெறக்குதுங்குறத பொறுத்து. எழுத்துன்னா நிக்கணும், சந்தேகமே வேணாம், ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது இன்னொண்ண படிக்க யாராலயும் முடியாது. ஆடியோன்னா கண்டிப்பா நிக்கணும், முகவீணை வாசிக்கிற சத்தமும் வாத்தியார் பேச்சும் ஒண்ணா கேட்டா ரெண்டும் போச்சு. ஒரே ஒரு போட்டோ, தலைப்பு மட்டும், அதுன்னா வீடியோ ஓரமா ஓடலாம். இன்னொரு வீடியோன்னா அதே சட்டத்துக்குள்ளயே மாத்துங்க, பக்கத்துல இன்னொரு பிளேயர் தெறக்காதீங்க.

வெளி வெப்சைட்டுக்கு அனுப்புறது தான் ஆபத்து. போன்ல வேற டேப் தெறந்தா அங்க இருந்து ஒரு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன், அங்க இருந்து ஒரு ரீல்ஸ், ஆள் திரும்பி வரமாட்டாரு. முடிஞ்ச வரைக்கும் அந்த விஷயத்த சுருக்கி நம்ம பேனலுக்குள்ளயே (லிங்க்க தொட்டா வீடியோவோட தெறக்குற பெட்டி) கொண்டாங்க, வெளி லிங்க்க பேனலோட அடில வைங்க. வேணும்னா "அப்புறமா பாக்குறேன்"னு ஒரு பட்டன், தொட்டா வீடியோ நிக்காது, வீடியோவுக்கு கீழ ஒரு லிஸ்ட்ல சேந்துக்கும். பெரியவங்க நெறைய பேருக்கு இது ரொம்பப் பிடிக்கும், பாத்துட்டு இருக்கறத நிறுத்த அவங்களுக்கு மனசு வராது.

திரும்பி வரும்போது வீடியோ எந்த இடத்துல இருந்து ஓடணும்?

இதத்தான் யாரும் கேக்கமாட்டாங்க, கேட்டவங்களுக்கு நன்றி. லிங்க் வைக்கிறது அரை மணி நேர வேலை. திரும்பற இடத்த முடிவு பண்றதுலதான் முழு டிசைனும் இருக்குன்னு நான் நெனைக்கிறேன்.

2000களோட ஆரம்பத்துல கலிஃபோர்னியால எஃப்எக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்துல "ஹைப்பர்-ஹிட்ச்காக்"னு ஒரு கருவி பண்ணாங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு லிங்க், தொட்டா அந்த இடத்தோட விரிவான வீடியோ, முடிஞ்சா திரும்பி வரும். ரொம்ப எளிமை. ஆனா அதுல ஒவ்வொரு லிங்க்குக்கும் திரும்பற விதத்த ஆசிரியர் தனியா குறிக்கணும், அதுவும் ரெண்டு தடவ: முழுசா பாத்து முடிச்சா எங்க போறது, பாதில விட்டுட்டு வந்தா எங்க போறது. இத நம்ம கூத்து வீடியோவுல வச்சு பாருங்க.

வாத்தியார் முகத்துல செவப்பு பூசிட்டே "துரியோதனனுக்கு செவப்பு, கிருஷ்ணனுக்கு பச்ச"ன்னு சொல்றாரு. லிங்க் தொட்டா எந்த வேஷத்துக்கு எந்த நிறம்னு படத்தோட ஒரு பக்கம். ஒருத்தர் அத ஒரு நிமிஷம் படிச்சுட்டு வந்தா விட்ட செகண்ட்ல இருந்து ஓட்டினா என்ன கேக்கும்? வாக்கியத்தோட பாதி. "...க்கு பச்ச, அதுக்கப்புறம்." எதுக்குன்னே புரியாது. அதனால திரும்பும்போது அந்த வாக்கியத்தோட ஆரம்பத்துக்கு கொண்டு போகணும், அஞ்சு செகண்ட் பின்னாடின்னு கண்ண மூடிட்டு வைக்காம, வாக்கியம் எங்க ஆரம்பிக்குதோ அங்க.

இன்னொரு லிங்க், கிரீடம் கட்டுறது. வீடியோல 10 செகண்ட்ல சுருக்கமா காட்டியிருக்கோம், லிங்க்ல 2 நிமிஷம் முழுசா இருக்கு. முழுசா பாத்துட்டு வந்தவங்களுக்கு அந்த 10 செகண்ட திரும்ப காட்டினா எரிச்சலாகும், அத தாண்டி அடுத்த காட்சிக்கு போயிடணும். ஆனா 15 செகண்ட் பாத்துட்டு போர் அடிச்சு மூடிட்டு வந்தவருக்கு அந்த சுருக்கத்த காட்டித்தான் ஆகணும், இல்லன்னா கிரீடம் கட்டுனதையே அவர் பாக்கல. ஒரே லிங்க், திரும்பற இடம் ரெண்டு.

மூணாவது வகை இன்னும் சுவாரஸ்யம். திரௌபதி அம்மன் திருவிழால ராத்திரி கூத்து, பகல்ல பாரதப் பிரசங்கம், பிரசங்கத்துக்கு வில்லிபாரதம்தான் ஆதாரம். அந்தச் செய்யுளுக்கு லிங்க் போட்டா அத தொடறவர் பெரும்பாலும் படிக்கிற ஆளு, பத்து நிமிஷம் அங்கேயே இருப்பாரு, அங்க இருந்து இன்னொரு செய்யுளுக்கு போவாரு. அவர் திரும்பி வரும்போது வீடியோ தானா ஓட ஆரம்பிக்கக்கூடாது. நின்னுட்டே இருக்கட்டும், "கிரீடம் கட்டுற இடத்துல நிறுத்தியிருந்தீங்க"ன்னு ஒரு வரி, கூட ஒரு படம், ஓட்டு பட்டன். பயணத்துல டீ குடிக்க இறங்குனவன விட்டுட்டு பஸ் கெளம்பக்கூடாது.

லிங்க்குக்குள்ள லிங்க் எத்தன அடுக்கு போலாம்னும் கேப்பீங்க. ரெண்டோட நிறுத்துங்க. எந்த அடுக்குல இருந்தாலும் "வீடியோவுக்கு திரும்பு"ன்னு ஒரு பட்டன் ஒரே மூலையில இருக்கணும், பின்னாடி பின்னாடின்னு அமுக்கிட்டே வர வைக்காதீங்க. பிரவுசரோட பேக் பட்டன அமுக்குனா மொத்த வீடியோவும் மூடிடாம பேனல் மட்டும் மூடுதான்னும் பாத்துக்கோங்க. நம்ம ஆளுங்க போன்ல முதல்ல தொடுறது அதத்தான்.

20 நிமிஷ வீடியோல எத்தன லிங்க்?

எட்டு பத்துக்கு மேல போனா எனக்குப் பிடிக்காது. ஆராய்ச்சி எதுவும் இல்ல, என் ரசனை. மிச்சத்த வீடியோவுக்கு கீழ அட்டவணையா போடுங்க.

பட்டன் எவ்ளோ நேரம் தெரியணும், எங்க, எந்த சைஸ்ல?

நேரம்: பாக்குறவர் அத கவனிக்கணும், படிக்கணும், வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணணும், கை நீட்டணும். மூணு செகண்ட்ல முடியற காரியமா? குறைஞ்சது ஏழெட்டு செகண்ட் வைங்க, விட்டாலும் கீழ லிஸ்ட்ல கிடைக்குற மாதிரி பண்ணுங்க. ஹைப்பர்கஃபேல மறையறது கலை, பாடத்துல மறையறது கொடுமை.

இடம்: கீழ் ஓரத்துல வேணாம், அங்க சப்டைட்டிலும் கண்ட்ரோல் பாரும் இருக்கு. எல்லா லிங்க்கும் ஒரே இடத்துல வந்தா கண்ணு பழகிடும்.

சைஸ்: வெப் அணுகல் விதிகள் 2023ல வந்த 2.2 பதிப்புல தொடுற இடம் குறைஞ்சது 24 பிக்சல்னு சொல்லுது, அதவிட கடுமையான நிலையில 44. போனுக்கு 44ஐ எடுத்துக்கோங்க. தமிழ்ல எழுதுறவங்களுக்கு கூடுதலா ஒண்ணு, நம்ம எழுத்துக்கு மேல சுழி கீழ கொக்கின்னு ஒசரம் அதிகம், வார்த்தையும் நீளம். இங்கிலீஷுக்கு செஞ்ச டெம்ப்ளேட்ல "கட்டியக்காரன்"னு அடிச்சா ரெண்டு வரியா ஒடஞ்சு சுழி வெட்டுப்படும். வரி இடைவெளிய கூட்டுங்க, பட்டனுக்கு நிலையான அகலம் வைக்காதீங்க.

நடந்து போற ஆள் மேலயே ஹாட்ஸ்பாட் (தொட்டா லிங்க் தெறக்குற இடம்) ஒட்டி கூடவே நகர வைக்கலாமா?

வைக்கலாம், பாக்க ஜோரா இருக்கும், ஆனா ஓடுற எலிய கையால பிடிக்கிற வேலைய பாக்குறவருக்கு கொடுக்காதீங்க. கட்டியக்காரன் சுத்தி சுத்தி ஆடும்போது அவன் தலைமேல பட்டனா? பேர் மட்டும் அவன் கூட நகரட்டும், தொடுற பட்டன் ஓரத்துல நிலையா நிக்கட்டும்.

எழுத்து எவ்ளோ வைக்கலாம்? பேசுறதையே திரையிலயும் எழுதிடலாமா?

வேணாம். படம் கூட பேச்சு இருக்கும்போது அதே பேச்ச எழுத்தாவும் திரையில போட்டா கத்துக்குறது குறையுதுன்னு ரிச்சர்ட் மேயர்ங்குற உளவியலாளர் பல சோதனைல காட்டியிருக்காரு. கண்ணு படத்தப் பாக்குறதா எழுத்தப் பாக்குறதான்னு அல்லாடும். இத சப்டைட்டில் வேணாம்னு எடுத்துக்காதீங்க, காது கேக்காதவங்களுக்கு, சத்தம் வைக்க முடியாத இடத்துல பாக்குறவங்களுக்கு, வேற வட்டார பேச்சு புரியாதவங்களுக்கு அது வேணும், ஆன் ஆஃப் பண்ற மாதிரி இருக்கட்டும்.

பேனல்ல 100, 150 வார்த்தை போதும். அதுக்கு மேல விஷயம் இருந்தா முழுக் கட்டுரைக்கு அடில ஒரு லிங்க். நெட்டுவாக்குல போன் பிடிக்கிறவங்களுக்கு மேல வீடியோ கீழ எழுத்து, இதவிட நல்ல அமைப்ப நான் பாக்கல. வீடியோ மேலயே எழுத்த போத்திவிட்டா 6 இஞ்சு திரையில ரெண்டுமே தெரியாது.

இதோட முழு பேச்சையும் எழுதி கீழ வைங்க, எந்த வரிய தொட்டாலும் வீடியோ அங்க தாவணும். எழுதுற வேலை பெரிசுதான். ஆனா தேடுறதுக்கு நம்பக்கூடிய வழி அது, "முகவீணை"ன்னு தேடினா வீடியோவுக்குள்ள இருக்குற பேச்சு கூகுளுக்கு சரியா தெரியும்னு சொல்ல முடியாது.

நடுவுல கேள்வி கேட்டா பசங்க கடுப்பாவாங்களா?

கடுப்பாகட்டும், வேலை செய்யுது. 2013ல ஹார்வர்டுல 21 நிமிஷ புள்ளியியல் பாட வீடியோவ நாலா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஒவ்வொரு துண்டுக்கு அப்புறமும் சின்ன டெஸ்ட் வச்சாங்க. அவங்களுக்கு கவனம் சிதறுறது குறைஞ்சுது, நோட்ஸ் எடுக்குறது கூடுச்சு. அடுத்த வருஷம் எட்எக்ஸ்ங்குற ஆன்லைன் பாடத் தளத்துல 69 லட்சம் தடவ வீடியோ பாத்த பதிவுகள அலசுனவங்க, 6 நிமிஷத்துக்கு மேல போனா பாக்குறவங்க ஒட்டறதில்லன்னு சொன்னாங்க. ரெண்டையும் சேத்தா, அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒரு நிறுத்தம், ஒரு கேள்வி. கேள்வி பாடத்துல இருந்து வரணும், "இப்ப திரையில வந்தவர் சட்டை என்ன கலர்"ங்குற மாதிரி காவல் காக்குற கேள்வி கேட்டா பசங்க உங்கள மதிக்க மாட்டாங்க.

தப்பா பதில் சொன்னா அந்த விஷயம் வர்ற இடத்துக்கே தானா திருப்பி அனுப்பலாம். ஒரு தடவ அனுப்புங்க. ரெண்டாவது தடவயும் தப்புன்னா விடைய சொல்லிட்டு விட்டுடுங்க, அதே 40 செகண்ட திரும்பத் திரும்ப ஓட்டுறது தண்டனை.

பாக்குறவங்களே கதைய தேர்ந்தெடுக்குற மாதிரி கிளைக்கதை பண்ண ஆசை.

முதல்ல கணக்கு போடுங்க. அஞ்சு இடத்துல ரெண்டு ரெண்டு வழி, எதுவும் மறுபடி சேரலன்னா 32 முடிவு, மொத்தம் 63 துண்டு எடுக்கணும். பாக்குறவர் அதுல ஆறு துண்டுதான் பாப்பாரு. பட்ஜெட் யாரு கொடுப்பா?

மேல சொன்ன கினோஆட்டமாட் தந்திரம் இதுக்குத்தான். எந்த பட்டன அமுக்கினாலும் கொஞ்ச நேரம் வேற மாதிரி போயி அடுத்த கேள்விக்குள்ள கதை ஒண்ணா சேந்துடும், அதனால படம் பல மடங்கு பெருகல. அந்த வழிலதான் இன்னைக்கும் பல பேர் பண்றாங்க. சேர்ற இடத்துல மட்டும் வசனம் ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தணும், எழுதுறவனுக்கு தலைவலி அங்கதான்.

பெரிய அளவுல பாக்கணும்னா நெட்ஃபிளிக்ஸ் 2018 டிசம்பர்ல விட்ட "பேண்டர்ஸ்நாட்ச்". தேர்வுக்கு 10 செகண்ட், அந்த நேரத்துலயும் காட்சி ஓடிட்டே இருக்கும், தொடலன்னா கதை தானா ஒரு வழில போயிடும். "தேர்ந்தெடுக்கவும்"னு உறைஞ்சு போய் நிக்கவே நிக்காது. அத மட்டும் கண்டிப்பா காப்பி அடிங்க. 2025 மே மாசத்துல அதையும் எடுத்துட்டாங்க, இப்ப அங்க பாக்க முடியாது.

வரைபடம் போட டுவைன்னு ஒரு இலவச கருவி இருக்கு, கேமரா எடுக்கறதுக்கு முன்னாடி கதைய அதுல எழுத்தா போட்டு நாலு பேர ஆட விடுங்க. எழுத்துலயே போர் அடிச்சா வீடியோல நல்லா வராது.

எந்த சாஃப்ட்வேர்? புரோகிராமிங் தெரியாது, காசும் இல்ல.

ஹெச்5பி. நார்வேல இருந்து வந்த ஓப்பன் சோர்ஸ், மூடுல் (ஆன்லைன்ல பாடம் நடத்துற தளம்), வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டுற சாஃப்ட்வேர்) ரெண்டுலயும் ப்ளக்-இன்னா சேரும். அதுல "இன்டராக்டிவ் வீடியோ"ன்னே ஒரு வகை இருக்கு, வீடியோ ஃபைல போடலாம், யூடியூப் லிங்க்கயும் போடலாம், டைம்லைன்ல எழுத்து, படம், டேபிள், லிங்க், கேள்வி எல்லாம் இழுத்து வைக்கலாம், நிறுத்தணுமான்னு ஒரு டிக், தப்பா சொன்னா எந்த நேரத்துக்கு போகணும்னு ஒரு பெட்டி. திரும்பற இடத்த நான் சொன்ன அளவுக்கு நுணுக்கமா வைக்க அதுல வசதி போதாது, ஆனா ஆரம்பிக்க இதவிட லேசா எதுவும் இல்ல.

புரோகிராமிங் தெரியும், சொந்தமா பண்றேன். எதுல தடுக்கும்?

லிங்க் எல்லாத்தையும் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ள எழுதாதீங்க. சப்டைட்டில் வைக்கிற வெப்விடிடி ஃபார்மேட்லயே "மெட்டாடேட்டா"ன்னு ஒரு டிராக் வகை இருக்கு, அது திரையில தெரியாது, அதுக்குள்ள ஆரம்ப நேரம் முடிவு நேரம் போட்டு உங்க லிங்க் விவரத்த வைக்கலாம், அந்த நேரம் வந்தா பிரவுசரே கூப்பிட்டு சொல்லும். நாளைக்கு பிளேயர் மாறினாலும் அந்த ஃபைல் மிஞ்சும், சாதா டெக்ஸ்ட் எடிட்டர்ல தெறந்து ஒருத்தர் நேரத்த திருத்தலாம். வீடியோ ஓடும்போது பிரவுசர் நேரத்த சொல்ற "டைம்அப்டேட்"ட மட்டும் நம்பி பண்ணா அது செகண்டுக்கு நாலு தடவதான் வந்தாலும் வரும், கால் செகண்ட் தள்ளிப்போகும், ஷாட் மாறுற இடத்துல பட்டன் அடுத்த ஷாட் மேல ஒரு துளி தெரியும்.

அடுத்தது தாவுறது மெதுவா இருக்கே, இது நெறைய பேர் கேக்குறது. வீடியோ ஃபைல்ல முழுப் படமா இருக்குறது கீஃபிரேம் மட்டும்தான், மத்தது எல்லாம் முன்னாடி படத்துல இருந்து என்ன மாறுச்சுங்குற கணக்கு. 4:10க்கு தாவச் சொன்னா பிரவுசர் அதுக்கு முன்னாடி இருக்குற கீஃபிரேம தேடி அங்க இருந்து எல்லாத்தையும் கணக்கு போட்டு வரணும். வீடியோவ சுருக்குற எக்ஸ்264 சாஃப்ட்வேருக்கு நாம எதுவும் சொல்லலன்னா அதிகபட்சம் 250 ஃபிரேம் வரைக்கும் கீஃபிரேம் இல்லாம போகும், 25 ஃபிரேம் வீடியோல அது 10 செகண்ட். பழைய போன் திணறும். 50 ஃபிரேமுக்கு ஒண்ணுன்னு வைங்க, இன்னும் நல்லது லிங்க் திரும்பற நேரங்கள்ல எல்லாம் கட்டாயமா ஒரு கீஃபிரேம் போடச் சொல்றது, எஃப்எஃப்எம்பெக்ங்குற வீடியோ மாத்துற கருவில நேரத்த கொடுத்து அத பண்ணலாம். ஃபைல் சைஸ் கொஞ்சம் கூடும், பரவால்ல.

ஐபோன்ல மட்டும் பட்டன் எதுவும் தெரியல, ஏன்?

ஐபோன்ல வீடியோவ ஃபுல் ஸ்கிரீன் போட்டா அதோட சொந்த பிளேயர் எடுத்துக்கும், நீங்க மேல போட்ட பட்டன் எல்லாம் பின்னாடி பக்கத்துலயே நின்னுடும். "பிளேஸ்இன்லைன்"ங்குற பண்ப வீடியோ டேக்ல சேத்தா பக்கத்துக்குள்ளயே ஓடும், இது 2016ல ஐஓஎஸ் 10ல வந்தது. ஃபுல் ஸ்கிரீன் பட்டனையும் நீங்களே எடுத்துட்டு, பக்கத்தையே திரை முழுக்க விரியுற மாதிரி பண்ணுங்க.

எல்லாத்தையும் யூடியூப்லயே முடிச்சிடக்கூடாதா? கூட்டம் அங்கதானே இருக்கு.

வீடியோ அங்க இருக்கட்டும், லிங்க்க அங்க வைக்காதீங்க. 2008ல யூடியூப் "அன்னோட்டேஷன்"னு கொண்டு வந்துச்சு, வீடியோ மேல எங்க வேணா பெட்டி போட்டு வேற வீடியோவுக்கு தாவலாம், அதுல கிளைக்கதை, விளையாட்டு, பாடம்னு ஜனங்க என்னென்னவோ பண்ணாங்க. 2017 மேல புதுசா போடறத நிறுத்தினாங்க, 2019 ஜனவரி 15ல பழசு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டாங்க. "இடது பக்க கதவ தொடுங்க"ன்னு ஒருத்தர் கைய காட்டுறாரு, அங்க இப்ப ஒண்ணும் இல்ல. அதே மாதிரி ஃபிளாஷ்ல செஞ்ச வெப் டாகுமெண்டரிங்களும் 2020 முடிவோட பெட்டில போயிடுச்சு.

இப்ப யூடியூப்ல கிடைக்கிறது கார்டு, கடைசி 5ல இருந்து 20 செகண்ட் வரைக்கும் எண்ட் ஸ்கிரீன், அப்புறம் சாப்டர் (டிஸ்கிரிப்ஷன்ல நேரம் எழுதி வீடியோவ பகுதி பகுதியா பிரிக்கிறது). சாப்டர நல்லா பயன்படுத்துங்க, 0:00ல ஆரம்பிச்சு குறைஞ்சது மூணு, ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது இருக்கணும், அவ்ளோதான் விதி. மத்தபடி மூல வீடியோ, வெப்விடிடி ஃபைல், எழுத்து, படம் நாலையும் தனித்தனியா உங்க ஹார்ட் டிஸ்க்ல வச்சிருங்க. கூத்து வாத்தியார் பேட்டிய திரும்ப எடுக்க முடியாது.

கண் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் எப்படி?

கீபோர்டுல டேப் அமுக்கி எல்லா லிங்க்குக்கும் போக முடியணும், லிங்க் வந்தா ஸ்கிரீன் ரீடர் ஒரு வரி சொல்லணும், பத்து லிங்க்கும் கீழ லிஸ்டாவும் இருக்கணும். நேரக்கெடு வைக்கிற தேர்வுன்னா அத நிறுத்தவோ நீட்டவோ வழி வேணும். நான் மேல சொன்ன "கீழ லிஸ்ட்", "முழு பேச்சு எழுத்தா" ரெண்டையும் பண்ணியிருந்தா பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கும்.

பழைய பாட்டு, செய்யுள் எல்லாம் போட்டா காப்பிரைட் வருமா?

வில்லிபாரத மூலம் யாருக்கும் சொந்தமில்ல, மதுரைத் திட்டம்ங்குற இணைய நூலகத்துல 1998ல இருந்து இந்த மாதிரி பழைய நூல்கள இலவசமா ஏத்திட்டு வர்றாங்க. உரை வேற விஷயம், எழுதினவர் இறந்து 60 வருஷம் ஆகலன்னா அனுமதி வாங்கணும். ஜமா பாடுற பாட்ட நீங்களே ரெக்கார்ட் பண்ணா அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, "இணையத்துல போடுவோம், துண்டு துண்டா லிங்க்ல வரும்"னு வெளக்கி சொல்லி. முழு கூத்துக்கு ஒத்துக்கிட்டவர் வேஷம் கட்டுறதுக்கு முன்னாடி சட்டையில்லாம உக்காந்திருக்குற 8 செகண்ட் தனியா சுத்துறதுக்கு ஒத்துக்கணும்னு இல்ல.

நெட் இல்லாத ஊர்ல, பள்ளிக்கூடத்துல போட்டுக் காட்டணும்.

லூமின்னு ஒரு டெஸ்க்டாப் ஆப் இருக்கு, ஹெச்5பி பாடத்த அதுல தெறந்து ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலா வெளிய எடுக்கலாம், பென்டிரைவ்ல போட்டு எந்த கம்ப்யூட்டர்லயும் பிரவுசர்ல ஓடும். யூடியூப் லிங்க்கா வச்சிருந்தா மட்டும் நெட் இல்லாம ஓடாது, வீடியோ ஃபைலாவே உள்ள போட்டிருக்கணும். 20 நிமிஷத்த ஒரே ஃபைலா போட்டா பழைய கம்ப்யூட்டர் தெறக்கவே நேரம் எடுக்கும், அதனால நாலா வெட்டுங்க. புரொஜக்டர்ல காட்டும்போது தொடப்போறது வாத்தியார் ஒருத்தர்தான், அதனால லிங்க் வரும்போதெல்லாம் வீடியோ தானா நிக்கிற மாதிரி ஒரு தனி பதிப்பு எடுத்து வச்சுக்கோங்க, பசங்க "தொடுங்க சார்"னு கத்துறதுக்கு நேரம் வேணும்ல.